ஆய்வேடும் தாளின் அளவும்

பனையோலையில் எழுதிய நம் முன்னோர், ஓலைகளை ஒரே அளவினவாக நறுக்கி, துளையிட்டு, கயிறு கோத்துச் சுவடியாக்கினர். ஓரோலை நீண்டாலும் கட்டு செம்மையாக அமையாது. இன்று கணிப்பொறியில் ஆய்வேடு உருவாக்கும் மாணவரும் இதே இடரைச் சந்திக்கின்றனர். அச்சிட்டுப் பார்த்தால் மூன்றாம் இயலில் மட்டும் ஓர இடைவெளி மாறியிருக்கும். பொருளடக்கம் 112 என்று காட்டும் இயல் 115ஆம் பக்கத்தில் தொடங்கும். ஏட்டை ஒப்படைக்க வேண்டிய நாளின் முந்திய இரவில்தான் இது பெரும்பாலும் கண்ணிற்படும்.

இதற்குக் காரணம் யாது? நாம் பயன்படுத்தும் ஏ4 தாள் 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. உயரமும் உடையது. 1922இல் ஜெர்மனியில் வகுக்கப்பெற்ற இவ்வளவு, 1975இல் ஐ.எஸ்.ஓ. 216 என்னும் பன்னாட்டுத் தரத்தில் இடம்பெற்றது. அமெரிக்காவில் வழங்கும் லெட்டர் தாளோ 216 மி.மீ. அகலமும் 279 மி.மீ. உயரமும் உடையது. உயரத்தில் உள்ள 18 மி.மீ. வேறுபாடு, ஒன்றரை வரி இடைவெளியில் இரண்டு வரிகளுக்கு மேல் விழுங்கிவிடும். நூறு பக்கங்களில் இவ்வேறுபாடு பெருகிப் பக்க எண்களை இடம்பெயரச் செய்கிறது.

மைக்ரோசாப்ட் வேர்டில் தாளின் அளவு முழு ஏட்டிற்கும் பொதுவானதன்று. அது ஒவ்வொரு பிரிவிற்கும் தனித்தனியே உரியது. வேறொரு கணிப்பொறியில் தட்டச்சு செய்த இயலை நம் கோப்பில் சேர்க்கும்போது, அதிலுள்ள செக்‌ஷன் பிரேக் என்னும் பிரிவெல்லை தன் தாளளவையும் உடன்கொண்டு வந்துவிடுகிறது. நாம் ஓரிடத்தில் நின்று ஏ4 எனத் திருத்தினால் அப்பிரிவு மட்டுமே திருந்துகிறது.

பிழையைக் கண்டறிய, கன்ட்ரோல், ஷிப்ட், 8 ஆகிய விசைகளை ஒருசேர அழுத்துக. மறைந்திருக்கும் குறிகளோடு பிரிவெல்லைகளும் தோன்றும். பின்னர் ஒவ்வொரு பிரிவிலும் சுட்டியை நிறுத்தி, பேஜ் செட்டப் பெட்டியில் தாளின் அளவைச் சரிபார்க்கவும். எல்லாப் பக்கங்களும் நெடுக்குவாட்டில் இருப்பின், அப்பெட்டியின் அப்ளை டு என்னுமிடத்தில் ஹோல் டாக்குமென்ட் என்பதைத் தெரிவு செய்து ஒரே முறையில் திருத்தலாம். குறுக்குவாட்டில் அமைந்த அட்டவணைகள் இருப்பின், பிரிவு பிரிவாகத் திருத்துவதே பாதுகாப்பு.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பிரிவெல்லையே குற்றவாளி என எண்ணி அதை உடனே நீக்கிவிடுதல் கூடாது. ஒரு பிரிவின் அமைப்பு அதன் இறுதியில் உள்ள எல்லையில்தான் பொதிந்துள்ளது. எல்லையை நீக்கினால், முன்னுள்ள பகுதி பின்னுள்ள பிரிவின் அமைப்பை ஏற்றுக்கொள்ளும். சரியாக இருந்த பக்கங்களும் கெடும். அவ்வாறு நேர்ந்தால் கன்ட்ரோல், இசட் விசைகளால் மீட்கலாம். நீக்கத்தான் வேண்டுமெனில், இரு பிரிவுகளின் அமைப்பையும் முதலில் ஒன்றாக்கிய பின்னர் நீக்குக.

லிப்ரே ஆபீஸ் ரைட்டரைக் கையாள்வோர்க்கு வழி வேறு. அதில் தாளளவு பேஜ் ஸ்டைல் என்னும் பக்கப் பாணியில் அடங்கியுள்ளது. பயன்படுத்திய ஒவ்வொரு பாணியையும் அவர்கள் சரிபார்த்தல் வேண்டும்.

அச்சிடும்போதும் விழிப்புத் தேவை. தாளுக்கேற்பச் சுருக்கி அச்சிடும் வசதி பிழையை மறைத்துவிடக்கூடும். எழுத்துச் சற்றே சிறுத்துக் காண்பதே அதன் அடையாளம். ஆதலின் பி.டி.எப். கோப்பாக மாற்றி, உண்மை அளவிலேயே அச்சிடுதல் நன்று. அதற்கு முன்னர், தானே உருவாகும் பொருளடக்கத்தைத் தெரிவு செய்து எப்9 விசையால் புதுப்பித்தல் வேண்டும். தாளளவு திருந்தினாலும் பொருளடக்கம் தானாகத் திருந்தாது.

பல்லாண்டு உழைப்பின் பயனாகிய ஆய்வேட்டை நெறியாளரும் தேர்வாளரும் முதலில் புரட்டுவது பொருளடக்கத்தையே. அது காட்டும் பக்கத்தில் அப்பொருள் இல்லையெனில், ஆய்வின் ஏனைய செம்மையும் ஐயத்திற்கு உள்ளாகும். ஆகவே முதல் வரியை எழுதுமுன்பே தாளின் அளவை வரையறுத்துக் கொள்க. முன்னோர் ஓலையை நறுக்கிய பின்னரே எழுத்தாணியை எடுத்தனர்.