வானொலிக்கு இடையூறு செய்த கம்பி

தமிழ் படிப்பவனுக்கு விமானத்தோடு என்ன வேலை என்று நம் சங்கத் தோழர்கள் கேலி பேசுவதுண்டு. பேசட்டும்! மாதிரி விமானம் செய்வது என் சிறுவயதுப் பித்து. திருவனந்தபுரத்தில் அதைப் பறக்கவிட இடம் கிடைப்பதுதான் அரிது. சங்குமுகத்து மணல்வெளி கண்ணைக் கவரும். ஆனால் விமான நிலையத்தை ஒட்டிய அந்த வானம் நமக்கு விலக்கு. ஆகவே நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தரிசு ஒன்றுக்குப் போவோம்.

சென்ற ஆண்டு அங்கேதான் என் விமானம் நொறுங்கியது. பெட்ரோல் எஞ்சின் பூட்டியது. ஆறு கிலோ எடை. வானொலிக் கருவியோ மூத்த நண்பர் தந்த 72 மெகாஹெர்ட்ஸ் பழையது. மேலே ஏறியதும் வால் தானாகத் துடித்தது. என் சொல் கேளாமல் தென்னந்தோப்பில் போய் மோதியது. அடியில் ஆள் இல்லாதது நல்லூழ்.

எஞ்சினும் கருவியும் தப்பின. அவற்றைப் பலகையில் பூட்டிச் சோதித்தோம். முதலில் நான் ஐயுற்றது ஸ்பார்க் பிளக்கை. நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால், இவ்வகை எஞ்சினில் வினாடிக்கு 100 தீப்பொறி. 1887-இல் ஹெர்ட்ஸ் தீப்பொறியைக் கொண்டுதானே மின்காந்த அலையைப் பிறப்பித்தார்! பிளக்குக்கு உலோகக் கவசம் இட்டேன். துடிப்பு நிற்கவில்லை.

பிறகு நண்பர் ஏரியலைச் சுருக்கிக்கொண்டு முப்பதடி தள்ளி நின்றார். எஞ்சின் ஓடாதபோது செர்வோ மோட்டார்கள் பணிந்தன, ஓடியதும் துடித்தன. திராட்டில் கம்பியைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரின் கையை நூலால் கட்டி ஓட்டினோம். துடிப்பு அடங்கியது!

அந்த எஃகுக் கம்பியின் முனை, பித்தளைக் கையின் துளையில் தளர்ந்து கிடந்தது. எஞ்சின் அதிர அதிர இரண்டும் ஒட்டும், விலகும். அருகிலுள்ள தீப்பொறியால் இரண்டிலும் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. அது இரண்டிலும் ஒரே அளவாக இராது. தொடும்போதும் விலகும்போதும் மின்னோட்டம் திடீரென மாறி, பல அலைவரிசைகளிலும் இரைச்சல் பரவுகிறது. 72 மெகாஹெர்ட்ஸ் ஏற்பியின் ஏரியல் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். நான் அதைக் கம்பியை ஒட்டியே இழுத்திருந்தேன். என் மடமை! தளர்ந்த உலோகத் தொடுகை எத்துணை நுண்மையானது என்பதை ஜகதீச சந்திர போஸ் அறிந்திருந்தார். 1890-களில் மின்னலைகளை உணர அவர் கையாண்டது, எஃகுச் சுருள்கள் ஒன்றையொன்று இலேசாகத் தொடும் தொடுகையைத்தான்.

பரிகாரம் எளிது. உலோகம் உலோகத்தில் உராயும் இடத்தில் நைலான் கவ்வி இட்டால் போதும். கம்பியையே நைலானாக்குவது இன்னும் நன்று. புகைக்குழாய்க்கு அருகே மட்டும் கொண்டுபோகாதீர்கள், உருகிவிடும். கார்பன் இழைத் தண்டு உலோகமில்லை என்று ஏமாற வேண்டா, அதுவும் மின்கடத்தியே. உலோகத்தைத் தவிர்க்க முடியாத மூட்டுகளை நெகிழும் பின்னல் கம்பியால் பிணைக்கலாம். பெரிய விமானங்களிலும் அப்படித்தான் செய்கிறார்கள். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளை இத்தொல்லை பெரும்பாலும் அண்டுவதில்லை. பழங்கருவி வைத்திருக்கும் என் போன்றோருக்கே இவ்வளவும்.

கவ்வியை மாற்றிவிட்டு அதே சோதனையைச் செய்தோம். எஞ்சின் முழுவேகத்தில் அலறியபோதும் செர்வோக்கள் அசையவில்லை. இப்போது புது விமானத்துக்கு இறக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.