தன்னைப் பற்றி எழுதுதல்

தம்மைத் தாமே புகழ்தல் நம்மவரிடையே இழுக்கென்றே கருதப்படுகின்றது. ஆயினும், தன் ஆற்றலை அறியாதாரிடத்தும், அரசவைக்கு ஓலை விடுக்குமிடத்தும் புலவன் தன்னைப் புகழ்தல் தகுமென்று பவணந்தி முனிவர் நன்னூலில் விலக்கு அளித்துள்ளார். 2003ஆம் ஆண்டு தொடங்கிய 'லிங்க்ட்இன்' என்னும் தொழில்சார் இணையத்தளம் அத்தகைய இடமேயாகும். அங்கே உத்தியோகம் தருவோர் பெரும்பாலும் நம்மை முன்பின் அறியாதவர்.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மகளிர் கல்லூரி நிறுவிய மருதனார்மடத்திலே, இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைக் கல்வியும் நடைபெறுகின்றது. அங்கே வாய்ப்பாட்டுப் பயின்ற பட்டதாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயரின்கீழ் முதலில் தோன்றும் வரியில், 'ஆர்வமும் கடின உழைப்பும் உடையவர்' என அவர் எழுதினால், அஃது எவருக்கும் பொருந்தும். ஆதலால் எவரையும் காட்டாது. 'வாய்ப்பாட்டு ஆசிரியர், சிறுவருக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையவழி கற்பிப்பவர்' என்றால், தொரன்ரோவில் தம் பிள்ளைக்கு ஆசிரியரைத் தேடும் பெற்றோர் உடனே அறிந்துகொள்வர்.

அடுத்துவரும் விவரத்திலே, எத்தனை ஆண்டு கற்பித்தார், மாணவர் எத்தேர்வில் தேறினர் என்பவற்றைக் கூறி, கச்சேரிப் பதிவொன்றையும் இணைத்தல் நன்று. செய்யாததைச் செய்ததாக எழுதலாகாது. உடன் பணியாற்றியோரும் அதனைப் படிப்பர். வீட்டு முகவரி, அடையாள அட்டை எண் ஆகியன அங்கே வேண்டா. வேலை தருவதாகக் கூறி முற்பணம் கேட்போரை நம்பலாகாது.

உள்ளதை ஒளியாமலும் இல்லாததை ஏற்றாமலும் எழுதுவது தற்புகழ்ச்சியன்று, தகுந்த அறிமுகமே.