விளக்கு எரிந்தது, இன்டர்நெட் வரவில்லை!

மாதம் 20-ந்தேதி. மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்பும் வியாபாரிகளுக்கு அன்றுதான் கடைசி நாள். தவறினால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம்!

ஒரு மொத்த வியாபார அலுவலகத்தை நினைத்துக் கொள்ளுங்கள். அங்கே 12 கம்ப்யூட்டர்கள். ஊருக்கு வெளியே ஒரு கிடங்கு. கிடங்குடன் பேசுவதற்கென்று தனி லைன், அதற்கு ஒரு ரூட்டர். இன்டர்நெட் மட்டும் கிடையாது. கணக்கு அனுப்ப வேண்டுமானால் தெருமுனைக் கடைக்குத்தான் ஓட வேண்டும்.

அன்று காலை புதிய இணைப்பு வந்தது. கூடவே இன்னொரு ரூட்டரும் வந்தது. பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

கணக்கப்பிள்ளை உட்கார்ந்தார். தட்டினார். திரையில் ஒன்றும் வரவில்லை.

"தம்பி, விளக்குதான் எரிகிறதே! பிறகு என்ன?"

"இருங்கள் அய்யா, பார்க்கிறேன்" என்றார், இணைப்புக் கொடுக்க வந்த இளைஞர். தன் லேப்டாப்பை நேராகப் புது ரூட்டரில் மாட்டினார். இன்டர்நெட் ஓடியது!

அப்படியானால் பெட்டியில் குறை இல்லை. கோளாறு எங்கே?

வாசல் எது?

கம்ப்யூட்டர் அனுப்பும் தகவல், சிறு சிறு பொட்டலங்களாகப் போகிறது. ஒவ்வொன்றிலும் போய்ச் சேர வேண்டிய விலாசம் எண்ணாக இருக்கும். அந்த எண்ணைப் பார்த்து, 'நீ இந்தப் பக்கம் போ' என்று திருப்பி விடுவதுதான் ரூட்டர். இதன் மூதாதை 1969-ல் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டது. அது ஒரு பீரோ அளவு இருந்தது! இப்போது டிபன் பாக்ஸ் அளவுக்கு வந்துவிட்டது.

கம்ப்யூட்டருக்கு ஊர்வழி எல்லாம் தெரியாது. பக்கத்து மேஜைக்கு என்றால் நேராகவே கொடுத்துவிடும். வெளியே போக ஒரே ஒரு வாசலைத்தான் குறித்து வைத்திருக்கும். அந்த வாசலுக்குப் பெயர் 'கேட்வே'.

இளைஞர், கணக்கப்பிள்ளையின் கம்ப்யூட்டரில் 'ஐபிகான்பிக்' என்ற கட்டளையைத் தட்டினார். கேட்வே: 192.168.1.1. அது பழைய ரூட்டரின் எண்! புது ரூட்டரின் எண்ணோ 192.168.1.254.

விஷயம் விளங்கிவிட்டது. 12 கம்ப்யூட்டர்களும் பழைய வாசலிலேயே காத்து நின்றன. பழைய ரூட்டருக்குத் தெரிந்தது கிடங்குக்குப் போகும் வழி ஒன்றுதான்.

கிடங்கைக் காணோம்!

கம்ப்யூட்டர்களுக்கு விலாசத்தையும் வாசலையும் வழங்கி வந்தது பழைய ரூட்டர். அதில் வாசல் எண்ணை 254 என்று மாற்றினார். கம்ப்யூட்டர்களை நிறுத்திப் போட்டார்கள். இன்டர்நெட் வந்துவிட்டது!

ஆனால் அடுத்த நிமிடமே ஒரு குரல்: "சரக்கு இருப்புத் தெரியவில்லை! கிடங்கு வரவில்லை!"

கிடங்கின் எண்கள் 192.168.2 என்று தொடங்குபவை. புது ரூட்டருக்கு அந்த வழி தெரியாது. எல்லாவற்றையும் இன்டர்நெட் பக்கமே தள்ளிவிட்டது. அங்கே அந்த எண் செல்லாது.

ஏன்? பழைய முறையில் உலகம் முழுமைக்கும் உள்ள விலாசங்கள் சுமார் 429 கோடிதான். எல்லோருக்கும் போதாது. அதனால் 192.168 என்று தொடங்கும் எண்கள் உள்வீட்டு உபயோகத்துக்கென்று ஒதுக்கப்பட்டன. 1996-ல் வெளியான விதி அது. உங்கள் வீட்டிலும் அதே எண் இருக்கலாம், எதிர்வீட்டிலும் இருக்கலாம். வெளியே போகும்போது ரூட்டர் தன் பொது விலாசத்தைப் போட்டு அனுப்பும்.

புது ரூட்டரில் ஒரே ஒரு வரி சேர்த்தார் இளைஞர்: '192.168.2 என்று தொடங்கினால் 192.168.1.1-இடம் கொடு.' கிடங்கு திரும்பி வந்தது!

இரண்டு பேர் வழங்கினால்...

இன்னொரு காரியத்தை அவர் முன்பே செய்திருந்தார். புது ரூட்டரும் விலாசம் வழங்காதபடி அதில் அந்த வேலையை நிறுத்தி வைத்திருந்தார். பலர் கோட்டை விடுவது இங்கேதான். இரண்டு பெட்டிகளும் வழங்கினால், எது முந்துகிறதோ அதன் பேச்சைக் கம்ப்யூட்டர் கேட்கும். ஒரு மேஜையில் ஓடும். அடுத்த மேஜையில் ஓடாது. காரணம் தெரியாமல் வயரைப் பிடுங்கி மாட்டிக் கொண்டிருப்பார்கள், பாவம்!

மாலை 4 மணிக்குக் கணக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு ரூட்டர்களின் எண்களையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டினார் இளைஞர். பாஸ்வேர்டை மட்டும் ஒட்டவில்லை. அதைக் கணக்கப்பிள்ளை தன் நோட்டில் குறித்து, மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.