பத்து நிமிட விருந்தாளி

பன்னாட்டு விண்வெளி நிலையம் ஒரு பக்கத்து அடிவானத்தில் எழுந்து மறுபக்கத்தில் மறைய ஏறக்குறைய பத்து நிமிடம்தான் ஆகும். தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது அது. அதில் இருப்பவரோடு ஹாம் (அமெச்சூர்) வானொலியில் பேச நினைக்கும் பள்ளிக்கு அந்தப் பத்து நிமிடம்தான் கணக்கு. மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஆளுக்கு ஒரு கேள்வி. கேட்டு முடித்ததும் ‘ஓவர்’ என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் மேலே இருப்பவர் பேசத் தொடங்குவார். 2025 ஜூலை 4 அன்று பெங்களூரு யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையத்திலிருந்து, அப்போது அந்த நிலையத்தில் இருந்த இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லாவோடு பேசியதும் ஹாம் வானொலி வழியாகத்தான்.

2000ஆம் ஆண்டிலிருந்து உலகெங்கும் பள்ளிகளோடு இப்படிப்பட்ட உரையாடல்கள் நடந்து வருகின்றன. பேசுவது பத்து நிமிடம். அதற்கான வேலையோ பல வாரம். கேள்விகளை முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். ஒரே கேள்வியை இரண்டு பேர் கேட்டுவிடக் கூடாது. யாருக்குப் பின் யார் என்று ஒத்திகை பார்க்க வேண்டும். கிடைப்பது கொஞ்ச நேரம் என்று தெரிந்ததால், அதற்கு முன்னால் வகுப்பே விண்வெளியைப் பற்றிப் படித்துவிடுகிறது.

வெளியிலிருந்து ஒரு வல்லுநரை இணைய நேரலையில் வகுப்புக்கு அழைக்க நினைக்கும் எந்தப் பள்ளிக்கும் இந்தப் பத்து நிமிடம் நல்ல முன்மாதிரி.

சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரத்தை எடுத்துக்கொள்வோம். மேட்டூர் வட்டத்தில் உள்ள பேரூராட்சி. தறிச் சத்தம் கேட்காத தெருவைத் தேடிப் பார்க்க வேண்டிய ஊர். இங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு மேட்டூர் அணையைக் காட்ட டவுன் பஸ் போதும். ஆனால் அணையின் நீர்க்கணக்கைப் போடும் பொறியாளரையோ, கடலுக்கடியில் பவளப்பாறையை ஆராய்பவரையோ, ராக்கெட் எரிபொருளோடு வேலை செய்பவரையோ வகுப்புக்குக் கூட்டி வருவது லேசில்லை. வந்து போக அவருக்கு இரண்டு நாள் போய்விடும். இணையத்தில் வந்தால் முக்கால் மணி நேரம்.

அதற்கான கருவிகள் ஓரளவு வந்துவிட்டன. தமிழ்நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் என்று அரசு திட்டமிட்டது. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. கொரோனாக் காலத்துக்குப் பிறகு வீடியோ காலில் பாடம் என்பது எந்த வீட்டுக்கும் புதிதல்ல.

தூரத்து ஆசிரியரை வகுப்புக்குக் கொண்டுவரும் ஆசையும் நமக்குப் புதிதல்ல. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, நாசாவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளைக் கொண்டு ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் போயின. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. ஊர்ப் பொதுவில் டிவி பெட்டி. கூரை மேல் கோழிக்கூண்டுக் கம்பிவலையில் செய்த பெரிய ஆன்டெனா. நிகழ்ச்சி வரும், ஊர் பார்க்கும். திருப்பிக் கேட்க வழியில்லை.

அந்த வழியைத் திறக்க வந்தது எஜுசாட். 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இது, கல்விக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள். இதன் வழியாக மாணவர் கேள்வி கேட்கவும் முடிந்தது. ஆனால் இத்தகைய செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். குரல் மேலே ஏறி இறங்கவே கால் நொடி. கேள்வி போய்ப் பதில் திரும்ப அரை நொடி. போனில் எதிரில் இருப்பவர் பேசி முடித்துவிட்டார் என்று நினைத்து நாம் தொடங்க, அவரும் தொடங்க, இருவரும் நிறுத்திக்கொள்வோமே, அந்தத் தடுமாற்றத்துக்கு இந்த அரை நொடி போதும். தரைவழி இணையத்தில் அந்த இடைவெளி வெகுவாகக் குறைந்துவிட்டது.

2017-18இல் நீட் பயிற்சிக்காகத் தமிழக அரசு 412 மையங்கள் திறக்கத் திட்டமிட்டு, சென்னையிலிருந்து நேரலையில் பாடம் நடத்தியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். நூற்றுக்கணக்கான மையங்களுக்கு ஒரே பாடம் போகும்போது, ஒரு மாணவர் கைதூக்கிக் கேட்க எவ்வளவு நேரம் மிஞ்சும்? கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். பாடம் எத்தனை இடத்துக்கு வேண்டுமானாலும் போகலாம். உரையாடல் அப்படிப் போகாது. விருந்தாளியை அழைப்பதன் பலனே, அவர் ஒரு வகுப்போடு, பெயர் சொல்லிப் பேசுவதில்தான் இருக்கிறது.

சரி, விருந்தாளி பேசும்போது வகுப்பு ஆசிரியருக்கு என்ன வேலை? இதற்குப் பதில் தேடினால் காளிகுப்பத்துக்குப் போக வேண்டும்.

சுனாமி அடித்த கடலோரக் கிராமம் அது. கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா அங்கே ஒரு விபரீதச் சோதனை செய்தார். தமிழ் மட்டும் பேசும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள், ஆங்கிலத்தில் இருக்கும் மூலக்கூறு உயிரியலை, ஆசிரியர் யாருமின்றிக் கணினியை மட்டும் வைத்துக் கற்க முடியுமா? முடியாது என்று நிரூபிப்பதே தன் நோக்கம் என்று அவர் பிறகு மேடையில் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளோ பக்கத்து அரசுப் பள்ளி மாணவர்களின் மதிப்பெண்ணை எட்டிவிட்டார்கள். அதற்கு மேலே ஏறவில்லை.

அடுத்துத்தான் சுவாரசியம். ஊரில் பிள்ளைகளோடு பழகிய ஓர் இளம்பெண்ணை மித்ரா துணைக்கு வைத்தார். அவருக்கு உயிரியல் ஒன்றும் தெரியாது. பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று, அட, இதை எப்படிக் கண்டுபிடித்தாய், அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று பாட்டி கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருப்பதே அவர் வேலை. தகுதி பெற்ற ஆசிரியர்களிடம் படித்த டெல்லித் தனியார் பள்ளி மாணவர்களின் மதிப்பெண்ணைக் காளிகுப்பம் தொட்டது. இந்த ஆய்வு 2010இல் வெளியானது. மித்ராவின் முடிவுகள் மேல் கல்வியாளர்களின் விமர்சனமும் உண்டு. பிள்ளைகள் தாமே எல்லாம் கற்றுவிடுவார்கள் என்பதை அவர்கள் ஏற்பதில்லை. ஆனால் அதே காளிகுப்பம்தான் பக்கத்தில் நிற்கும் ஆள் எவ்வளவு முக்கியம் என்பதற்கும் சாட்சி சொல்கிறது.

நேரலை வகுப்பில் அந்த ஆள் வகுப்பு ஆசிரியர்தான். வல்லுநருக்குப் பாடம் தெரியும், பிள்ளைகளைத் தெரியாது. மூன்றாவது பெஞ்சில் இருப்பவள் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு கேட்கத் தயங்குகிறாள் என்பது ஆசிரியருக்குத்தான் தெரியும்.

ஜலகண்டாபுரத்தில் எட்டாம் வகுப்புக்கு ஒரு வானியலாளர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் ஆசிரியர் பாடத்தை நடத்தி முடித்துவிடுகிறார். விருந்தாளி பாடம் நடத்த வருவதில்லை, பாடத்துக்கு அப்பால் இருப்பதைச் சொல்ல வருகிறார். பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு கேள்வி எழுதுகிறார்கள். புத்தகத்தில் பதில் இருக்கும் கேள்விகளை அவர்களே அடித்துவிடுகிறார்கள். மிஞ்சிய பன்னிரண்டு கேள்விகளும், பிள்ளைகளுக்குப் பழக்கமான தமிழ்க் கலைச்சொற்களும் விருந்தாளிக்கு முன்கூட்டியே போய்ச் சேர்கின்றன. முந்தின நாள் அதே அறையில், அதே நேரத்தில் ஒரு டெஸ்ட் கால். பக்கத்துத் தறிக்கூடத்தின் ஓசை மைக்கில் எவ்வளவு ஏறுகிறது என்பது அப்போதுதான் தெரியும். கேட்பவர் எழுந்து வந்து மைக் பக்கத்தில் நின்று கேட்பது என்று முடிவாகிறது. கரண்ட் போனால் ஆசிரியரின் போனில் ஹாட்ஸ்பாட். அதுவும் போனால் ஸ்பீக்கரில் சாதாரண போன் கால். முகம் தெரியாவிட்டாலும் கேள்வி நிற்காது.

வெளிநாட்டுத் தமிழர்களை அழைப்பவர்கள் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். ஜூலை மாதம் நம் ஊரில் காலை பத்து மணி என்றால் லண்டனில் விடியற்காலை ஐந்தரை. டொரன்டோவில் நள்ளிரவு தாண்டி அரை மணி. கலிஃபோர்னியாவில் முந்தின நாள் இரவு ஒன்பதரை. வேலை முடிந்து சாப்பிட்டு உட்காரும் நேரம் என்பதால் அங்கிருக்கும் பொறியாளரைப் பிடிப்பது எளிது. சிங்கப்பூரிலோ பகல் பன்னிரண்டரை, சாப்பாட்டு இடைவேளை.

எந்தச் செயலி என்பது பெரிய விஷயமில்லை. உலகம் முழுக்க வகுப்புகளை இணைத்த ஸ்கைப்பே 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. பிள்ளைகளின் பாதுகாப்புதான் பெரிய விஷயம். ஆசிரியர் அறையை விட்டு நகரக் கூடாது. விருந்தாளிக்கும் மாணவர்களுக்கும் இடையே போன் எண் பரிமாற்றம் கூடாது. சம்மதமின்றிப் பதிவு செய்வதோ, பிள்ளைகளின் முகத்தைச் சமூக வலைத்தளத்தில் போடுவதோ கூடாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது.

வல்லுநர் என்றாலே கோட் போட்டவர், தூரத்தில் இருப்பவர் என்று நினைப்பதும் பழக்கதோஷம். ஜலகண்டாபுரத்துப் பக்கத்து இளம்பிள்ளை, சேலைக்குப் பேர்போன ஊர். அங்கே தறிக்கு மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியைக் கவனித்தால், நூலில் கோத்த அட்டைகள் வரிசையாகத் தொங்கும். அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், அதற்குரிய பாவு இழை மேலே எழும்பும். ஓட்டை இல்லாத இடத்தில் இழை அப்படியே கிடக்கும். எழும்பிய இழைக்கும் கிடக்கும் இழைக்கும் நடுவே ஊடை ஓட, முந்தானையில் மாங்காய் விழும். பிரான்சில் 1804 வாக்கில் ஜோசப் ஜக்கார்டு உருவாக்கிய ஏற்பாடு இது. கணினியின் முன்னோடியான சார்லஸ் பாபேஜ் தன் இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க இதே அட்டை முறையைத்தான் எடுத்துக்கொண்டார். ஓட்டை, ஓட்டையில்லை, ஒன்று, பூஜ்ஜியம். கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் பாடத்தை இதைவிட நன்றாக யார் காட்டிவிட முடியும்?

அப்படியானால் சென்னைப் பள்ளி ஒன்று அழைக்க வேண்டிய விருந்தாளி, சேலம் பக்கத்துத் தறிக்காரர். கேமராவைப் பார்த்துப் பேச அவருக்குக் கூச்சமாக இருக்கலாம். பேசாவிட்டாலும் பரவாயில்லை, போனைத் தறிக்கு நேராகப் பிடித்தால் போதும். ஒரு அட்டையில் ஓட்டை தப்பாக விழுந்துவிட்டால் என்ன ஆகும் அண்ணா என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை கேட்கும். அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய், அடுக்கின் அடியில் ஒதுக்கி வைத்த சேலை ஒன்றை எடுத்து வந்து, பூ தப்பிய இடத்தில் விரலை வைத்துக் காட்டுவார்.