முடிவிலியைச் சோதித்தறிதல்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி எனப்படும் ஆழிப்பேரலை அந்தமான் நிகோபார்த் தீவுகளைத் தாக்கியபோது, இந்துமாக்கடலுக்கென ஓர் எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை. 2007இல் ஐதராபாத்தில் முன்னெச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. அலை எப்பொழுது கரை சேரும் என்பதைக் கணிக்க இன்று கணிப்பொறிகள் உதவுகின்றன. அத்தகைய கணக்கில் முடிவிலி புகுந்தால் விளைவதென்ன என்பதை இங்கு ஆராய்வோம்.

ஆழிப்பேரலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர். 10 மீட்டர் ஆழத்திலோ சுமார் 36 கிலோமீட்டரே. தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும். நீரும் நிலமும் சந்திக்கும் எல்லையில் ஆழம் பூஜ்யம். ஆதலின் இச்சூத்திரப்படி வேகமும் பூஜ்யமாகும். பூஜ்யத்தால் வகுத்து வரும் ஈவினைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கராசாரியர் ‘கஹரம்’ என்றார். எதைக் கூட்டினும் குறைப்பினும் அது மாறாது என்றும் கூறினார்.

தசமப் புள்ளி இடம்பெயரும்படி எண்களைக் குறிக்கும் முறைக்கு மிதப்புப் புள்ளி முறை என்று பெயர். 1985இல் வெளியான ஐ.ஈ.ஈ.ஈ. 754 என்னும் தரநிர்ணயம் அம்முறையில் முடிவிலிக்கும் ஓர் இடம் அளித்தது. 64 துணுக்குகள் கொண்ட எண்ணில் உச்ச வரம்பு ஏறக்குறைய 1.8 × 10³⁰⁸. விடை அதனைக் கடந்தாலும், பூஜ்யமல்லாத எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் முடிவிலி பிறக்கும். சி போன்ற மொழிகளில் கணக்கு அத்துடன் நின்றுவிடுவதில்லை. ஒன்றும் நேராததுபோல் மேலே செல்லும்.

ஆபத்து இங்கேதான் உள்ளது. “நேரம் அறுபது நிமிடத்திற்குக் குறைவாயின் எச்சரிக்க” என்று ஒரு கட்டளை எழுதியிருப்பதாகக் கொள்வோம். முடிவிலி அறுபதைவிடக் குறைவன்று. எனவே, அலை கரையை நெருங்கும் வேளையிலும் கணிப்பொறி மௌனமாயிருக்கும். முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தால் ‘எண் அல்லாதது’ என்னும் குறி தோன்றும். அதனைப் பெரிதா சிறிதா என்று எவ்வெண்ணுடன் ஒப்பிட்டாலும் ‘இல்லை’ என்பதே விடை.

ஆகவே, முடிவிலியா என்று மட்டும் வினவுதல் போதாது. முடிவுள்ள எண்தானா என்று வினவுதல் வேண்டும். சி மொழியில் இதற்கென ‘இஸ்ஃபைனைட்’ என்னும் சோதனை உண்டு. எண்ணின் குறியை நீக்கி, உச்ச வரம்பிற்கு உட்பட்டதா என்று ஒப்பிட்டாலும் அதே பயன் கிட்டும். ஆனால், வேகத்தை நாடி, முடிவிலியே வராது எனக் கொள்ளும்படி மொழிமாற்றிக்கு ஆணையிட்டால், அது இச்சோதனையையே நீக்கிவிடக்கூடும்.

வகுப்பதற்கு முன் ஆழத்தையும், அறிவிப்பதற்கு முன் விடையையும் சோதித்தல் நன்று. சோதனையில் தவறிய விடையை ‘ஆபத்தில்லை’ என்று கொள்ளலாகாது. ‘கணக்கு முடியவில்லை’ என்று உடனே மனிதரின் கவனத்திற்குக் கொண்டுவருதலே முறை.