மண்ணுக்குள் கிடந்த தையல் மெசினைத் திருத்திய கதை

2009 ஜனவரியில் தருமபுரத்தை விட்டு எழும்பியபோது, அம்மாவின் சிங்கர் தையல் மெசினைக் கொண்டுபோக வழியிருக்கவில்லை. தலைப்பகுதியை மட்டும் கழற்றி, ரக்ரருக்குப் பூசும் கிறீஸை அள்ளி அப்பி, உரப்பையில் சுற்றிப் பதுங்குகுழிக்குள் வைத்து மண்ணால் மூடினோம். மீளக்குடியமர்ந்து, மிதிவெடி அகற்றுபவர்கள் வளவைப் பார்த்து முடித்த பிறகுதான் அந்த இடத்தில் மண்வெட்டி வைத்தோம். மெசின் இருந்தது. ஆனால் சக்கரம் அசையவில்லை.

அந்த நாட்களில் பழைய இரும்பு வாங்கும் லொறிகள் ஊருக்குள் வந்துபோகும். அம்மா கொடுக்கவில்லை. அது அம்மம்மா தைத்த மெசின். கடைசிவரை அறை மூலையில்தான் கிடந்தது. அம்மா போன பிறகு, அக்கா ஒருநாள் கேட்டா: "தம்பி, உதைத் திருத்தேலாதோ?"

அத்தானைப் பற்றி 2009இற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அக்கா கடையொன்றில் பிறருடைய மெசினில் கூலிக்குத் தைத்துத்தான் இரண்டு பிள்ளைகளையும் படிப்பிக்கிறா. வீட்டில் ஒரு மெசின் இருந்தால் கூலி முழுவதும் அவவுக்கே. புது மெசினுக்குக் கடன் எடுக்க அவ சம்மதிக்கவில்லை. நுண்கடனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் பட்ட பாட்டை அவ நேரில் பார்த்தவ.

முதலில் அந்த மெசின் எந்த வகை என்று அறிய வேண்டும். சிங்கர் மெசினின் அடித்தட்டில், வலப்பக்கத்தில், ஒரு தொடர் இலக்கம் பொறித்திருக்கும். எங்களுடையது ஆங்கில 'ஈ'யில் தொடங்கும் இரட்டை எழுத்து. அப்படியானால் ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் தொழிற்சாலையில் செய்தது. 1885இல் திறந்த அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். அதனால்தான் எங்கள் பாட்டிமாரின் வீடுகளிலும் அந்தக் கறுப்பு மெசின் இருந்தது.

செய்த தொழிற்சாலையே இல்லாத மெசினுக்கு எங்கே சாமான் தேடுவது? கிளிநொச்சியில் மெசின் திருத்தும் ஐயா ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது பதினைஞ்சாம் வகை. பயப்பிடாதையும். இதைப் பார்த்துத்தான் உலகம் முழுக்கச் செய்தவங்கள்." உண்மைதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பான் கம்பனிகள் இந்த வகையை அப்படியே பின்பற்றி மெசின் செய்தன. இந்தியாவின் உஷாவும் சீனாவின் பட்டர்பிளையும் இதே அமைப்பில் வந்தன. அதனால் வட்டப் பொபினும், பொபின் கேஸும், ஊசியும் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. படகு போன்ற நீள ஓடம் உள்ள மெசின் என்றால் தேடுவது கடினம். உங்கள் வீட்டில் இருப்பது எது என்று ஊசித் தட்டுக்குக் கீழே பார்த்தாலே தெரியும்.

இறுகியதை இளக்குவதற்குத்தான் பொறுமை வேண்டும். "மண்ணெண்ணெயை விட்டிட்டு மூண்டு நாளைக்குச் சக்கரத்தை நெரியாதையும்" என்றார் ஐயா. எண்ணெய்த் துளை எல்லாவற்றிலும், அசையும் மூட்டு எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் விட்டேன். நான்காம் நாள் சக்கரம் அரை விரலளவு அசைந்தது. ஒரு கிழமைக்குப் பிறகு முழுதாகச் சுற்றியது. உள்ளே இறுக்கிப் பிடித்திருந்தது துரு மட்டுமல்ல. தட்டுப்பாட்டுக் காலத்தில் மெசின் எண்ணெய் கிடைக்காமல் அம்மா விட்ட தேங்காய் எண்ணெயும் பிசினாகி உறைந்திருந்தது. மண்ணெண்ணெய் அழுக்கைக் கழுவும், உராய்வைத் தடுக்காது. கழுவித் துடைத்த பிறகு கட்டாயம் மெசின் எண்ணெய் விட வேண்டும். பொபின் கேஸைச் சுற்றி ஓடும் கொக்கியில் அரத்தாள் போடக்கூடாது. அதில் கீறல் விழுந்தால் நூல் அறுந்துகொண்டேயிருக்கும்.

ஸ்குறூக்களை உடைத்துவிடாதீர்கள். சிங்கரின் புரி அதற்கென்றே தனியானது. ஹாட்வெயார் கடை ஸ்குறூ அதில் ஏறாது. வெட்டில் இறுக்கமாகப் பொருந்தும் திருப்புளியைப் பிடித்து, அதன் தலையில் மெல்லத் தட்டிவிட்டுத் திருப்ப வேண்டும். எனக்கு ஒன்று உடைந்தது. பழைய இரும்புக் கடையில் கிடந்த இன்னொரு மெசினின் தலையிலிருந்துதான் அதற்கு மாற்று எடுத்தேன்.

பொபின் கேஸ் துருவில் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் இரண்டு கடைகளில் "பழைய சிங்கருக்குச் சாமான் இல்லை" என்றார்கள். மூன்றாவது கடையில் சிங்கர் என்று சொல்லாமல், "பட்டர்பிளைக்குப் போடுற பொபின் கேஸ்" என்று கேட்டேன். உடனே எடுத்து வைத்தார்கள். சில நூறு ரூபாதான். ஆனால் பழையதைக் கையில் கொண்டுபோங்கள். கேஸில் நீட்டிக்கொண்டிருக்கும் விரல் எல்லாவற்றிலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்காது. மேல்நூலை இறுக்கும் ஸ்பிறிங்கும், தோல் பெல்ட்டும் அங்கேயே கிடைத்தன. கால் ஸ்ராண்ட் வேறு கம்பனியினுடையது, பழைய இரும்புக்காரரிடம் வாங்கியது. தலை அதில் சரியாக இருந்தது.

பூட்டும்போது ஒருநாள் முழுக்க என்னை மினக்கெடுத்தியது சக்கரத்து வோசர். அதைத் தலைமாறிப் போட்டால், பொபினுக்கு நூல் சுற்றும்போது சக்கரம் தனியாகக் கழன்று சுற்றாது. கழற்றி அரை வட்டம் திருப்பிப் போட்டதும் சரியானது. ஊசியை எந்தப் பக்கம் பார்க்கப் பூட்டுவது என்று குழம்பினால், ஊசியின் நீளக் கோட்டைப் பாருங்கள். நூல் கடைசியாக வந்து இறங்கும் கம்பி எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் அந்தக் கோடு நிற்க வேண்டும். துணிக்குக் கீழே நூல் வளையம் வளையமாக வந்தால் பொபினைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் மேல்நூல்தான் இறுக்கும் தட்டுகளுக்கு இடையில் சரியாக இறங்கியிருக்காது.

எங்கள் அயலில் உதவியாகக் கிடைத்த புது மெசின்கள் சில, உறை போட்டபடி மூலையில் இருக்கின்றன. ஒன்றுக்குப் பொபின் கேஸ் இல்லை. இன்னொன்றுக்கு பெல்ட் அறுந்துவிட்டது. மெசினைக் கொடுத்தவர்கள் திருத்தச் சொல்லிக் கொடுக்கவில்லை. கிராமத்துக்கு ஒரு பெண் இவ்வளவையும் பழகினால், இன்னும் பல மெசின்கள் ஓடும்.

அக்கா முதலில் தைத்தது மூத்தவளின் பள்ளிக்கூடச் சீருடை. தைத்து முடித்துத் துணியைத் திருப்பிப் பார்த்தா. "அம்மாவின்ர தையல் மாதிரியே விழுகுது" என்றா. பிறகு பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, எண்ணெய்ப் போத்தல் எங்கே என்று கேட்டா.