ஒரு கண்ணை மறைத்துப் பாருங்கள்

பள்ளிக்கூடக் கண் முகாம்களில் பிள்ளைகளை எழுத்துப் பலகையிலிருந்து 6 மீட்டர் தள்ளி நிறுத்தி, ஒரு கண்ணை மறைத்துப் படிக்கச் சொல்வோம். கையால் மூடினால் விரலிடுக்கில் பார்த்துவிடுவார்கள் என்பதால் நான் கெட்டி அட்டைதான் கொடுப்பேன். உசிலம்பட்டிப் பக்கம் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், இடது கண்ணை மறைத்ததும் கடைசி வரிவரை கடகடவென்று படித்தான். வலது கண்ணை மறைத்ததும் கழுத்தைத் திருப்பித் திருப்பி அட்டைக்கு வெளியே எட்டிப் பார்த்தான்.

"என்னய்யா, தெரியலையா?"

"மேல இருக்க பெரிய எழுத்து மட்டும் தெரியுது மிஸ்."

அவன் அம்மா நம்பவில்லை. "டிவியெல்லாம் நல்லாத்தானே பாக்குறான்?"

பார்ப்பான். ஒரு கண் நன்றாக இருந்தால் மற்றதன் குறை வெளியே தெரியாது. பிள்ளைக்கே தெரியாது, அவனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதுதான் பார்வை. ஒரு கண்ணில் மட்டும் பவர் கூடுதலாக இருந்தாலோ, மாறுகண் இருந்தாலோ, அந்தக் கண் அனுப்பும் பிம்பத்தை மூளை ஒதுக்கத் தொடங்கும். ஒதுக்கி ஒதுக்கி அந்தக் கண் பார்க்கவே பழகாமல் போகும். சோம்பேறிக் கண் என்பது இதுதான்.

சரியான கண்ணாடி போட வேண்டும். அது போதாதபோது, நல்ல கண்ணைத் தினமும் டாக்டர் சொல்லும் நேரம் பேட்ச் ஒட்டி மறைக்க வேண்டும். 7, 8 வயதுக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். பிறகு குறைந்துகொண்டே போகும். அதனால்தான் "வளர்ந்தா சரியாயிடும்", "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. பேட்ச்சைப் பிள்ளை பிய்த்தெறியும், அழும். நாம் மறைப்பது அது பார்க்கும் கண்ணையல்லவா? அந்த நேரத்தில் படத்துக்கு வண்ணம் தீட்டவோ மணி கோக்கவோ கொடுங்கள். மனம் வேலையில் போய்விடும், கண்ணும் பழகும்.

பெரியவர்களும் வீட்டில் இப்படி ஒவ்வொரு கண்ணாக மறைத்துப் பார்க்கலாம். நாற்பதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்துக்குப் படிக்கிற கண்ணாடி போதும். ஒரு கண் மட்டும் புகை படர்ந்தாற்போல் இருந்தால் புரையாக இருக்கலாம். அறுவை சிகிச்சைக்குச் செலவாகுமே என்று தள்ளிப்போட வேண்டாம். மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இயலாதவர்களுக்கு இலவசமாகவே செய்கிறது. 1992இல் அதன் ஆரோலேப் நிறுவனம், புரை அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் உள்விழி லென்ஸை இங்கேயே தயாரிக்கத் தொடங்கியபின் லென்ஸின் விலையும் வெகுவாக இறங்கியது.

கண் நீர் அழுத்த நோய் மட்டும் இந்தச் சோதனைக்குச் சுலபத்தில் அகப்படாது. பெரும்பாலும் வலி இருக்காது. பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். போன பார்வை திரும்பாது. நாற்பது வயதுக்கு மேல் கண் அழுத்தத்தையும் நரம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள், பார்வை தெளிவாக இருந்தாலும், வருடம் ஒரு முறை கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாக மினுங்கினால் முகாம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே கண் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். அது புரையாக இருக்கலாம், விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றிவிடலாம், பல நேரம் கண்ணையும்.